சங்கச் சுற்றுலாவும் பொறுப்புக் காப்புறுதியும்

சங்கம் ஒன்று தன் அங்கத்தவரைக் கூட்டிக்கொண்டு ஓரிடத்தைக் காணச் செல்லுதல் எம்மிடையே புதிதன்று. கீரிமலைக்கும் கந்தரோடைக்கும் நயினாதீவுக்கும் வண்டி பிடித்துப் போகாத பழைய மாணவர் சங்கக் கிளையோ சனசமூக நிலையமோ யாழ்ப்பாணத்தில் அரிது. வண்டிக்குக் காசு சேர்ப்பது யார், சோற்றுப்பொதி கட்டுவது யார் என்பனவெல்லாம் பலமுறை கூடிப் பேசப்படும். ஒருவருக்கு ஊறு நேர்ந்தால் அதனை ஏற்பது யார் என்பது மட்டும் பேசப்படுவதில்லை. எடுத்தால், போகும்போதே அபசகுனமா என்று மூத்தோர் கையமர்த்துவர்.

நாமும் அவ்வாறே இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் காரியதரிசியாயிருந்த ஒரு சங்கத்தின் சார்பில் நாற்பது பேர் வரையில் நெடுந்தீவுக்குச் சென்றோம். குறிகட்டுவானிற் படகேறிக் கடலைக் கடந்து, குதிரைகளைப் பார்த்து, ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டுக்குள் நின்றபொழுது, எழுபது வயதை அண்மிய ஓர் அங்கத்தவர் முருகைக்கற் சுவரின் உடைந்த விளிம்பிற் கால் வழுக்கி வீழ்ந்தார். கையெலும்பு முறிந்தது. அவர் எம்மை நோகவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மகன் வந்து, "மாஸ்டர், அப்பாவை அந்த இடிஞ்ச சுவரில ஏறவிட்டது ஆர்? செலவுக்குச் சங்கம் என்ன செய்யும்?" என்று அமைதியாகவே கேட்டார். எம்மிடம் விடையில்லை. அங்கத்தவரிடம் பணந் தண்டிக் கொடுத்து ஒருவாறு சமாளித்தோம். அதன்பின் இப்பொருள் பற்றித் தேடி அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். தமிழ் படிப்பிக்கும் எமக்குச் சட்டம் தொழிலன்று; பொருள் விளங்குமளவுக்கே சொல்வோம்.

எம்மவர்க்குரிய தேசவழமை 1707இல் ஒல்லாந்தரால் நடைமுறைக்குக் கொண்டுவரப்பெற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பவற்றுக்கே அதனை நாடுகின்றோம். ஒருவரின் கவலையீனத்தால் மற்றொருவர் காயமுற்றார் என்னும் வழக்குக்கோ, இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டமே செல்லும். அதன் வேர் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் உரோமாபுரியில் எழுந்த அக்குயிலியச் சட்டம். பிறருடைய அடிமையையோ கால்நடையையோ கொன்றவன் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கிய அச்சட்டம், நூற்றாண்டுகள் கடந்து, நெடுந்தீவிற் கை முறிந்தவர் வரைக்கும் வந்து நிற்கின்றது. கவனமுள்ள குடும்பத்தலைவன் ஒருவன் அவ்விடத்தில் அவ்வூற்றினை முன்கண்டு தடுத்திருப்பானா என்பதே அதன் அளவுகோல். தடுத்திருப்பான், நாம் தடுக்கவில்லை என்றால், நட்டஈடு எம்முடையது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காயமுற்றவர் 2 ஆண்டுக்குள் வழக்கிடலாம்.

"எம்முடையது" என்னுஞ் சொல்லிலேயே இடர் இருக்கின்றது. சட்டப்படி கூட்டிணைக்கப்பெறாத சங்கத்துக்குத் தனியாள் என்னும் நிலை பொதுவாக இல்லை. ஆகவே வழக்கு, ஒழுங்கு செய்த காரியதரிசியையும் குழுவினரையும் தேடி வரும். சம்பளமின்றி உழைத்தோம் என்பது நல்ல பண்பு. அது நல்ல எதிர்வாதமன்று. உபாத்தியாயர் ஒருவரின் வீடுவளவும் சேமிப்பும் ஒரு சுற்றுலாவுக்கு ஈடாய் நிற்கலாமா?

இதற்கெனவே ஏற்பட்டது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. இதனை விபத்துக் காப்புறுதியோடு மயங்குவோர் பலர். விபத்துக் காப்புறுதி, பிழை எவருடையதாயினும் காயமுற்றவருக்குக் குறித்த தொகையை அளிப்பது. பொறுப்புக் காப்புறுதியோ, சங்கம் சட்டப்படி கொடுக்கவேண்டிய நட்டஈட்டையும் வழக்காடுஞ் செலவையும், பத்திரத்தில் எழுதிய எல்லை வரையிற் சுமப்பது. எவர் பிழையுமின்றித் தடுக்கி வீழ்ந்தவருக்கு இரண்டாவதால் ஒரு சதமுங் கிடையாது. வயோதிபரும் சிறுவரும் வரும் பயணத்துக்கு இரண்டும் வேண்டும் என்பது எம் கருத்து.

பத்திரத்தை வாங்குவதினும் வாசித்தல் முக்கியம். பொறுப்புப் பத்திரம் "மூன்றாந்தரப்பு" என்னுந் தொடரால் இயங்குவது. சங்கமே காப்புறுதி பெற்றவர் என்றால், அதன் அங்கத்தவர் மூன்றாந்தரப்பினரா, அல்லரா? அல்லர் என்று வாசிக்க இடமிருந்தால், எமது நெடுந்தீவு அன்பருக்கு அப்பத்திரத்தாற் பயனில்லை. அங்கத்தவர் ஒருவர்க்கொருவர் பொறுப்பாதலையும் உள்ளடக்கும் வாசகம் உண்டு. கேட்டு எழுதுவித்தல் வேண்டும். தொண்டராய் வழிகாட்டுவோரும் காக்கப்படுகின்றனரா என்பதும் அவ்வாறே. நீந்துதல், படகேறுதல், மலையேறுதல் முதலியவை விலக்குகளுட் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். மறைத்துப் பெற்ற காப்புறுதி செல்லாது. ஆதலால் எங்கே போகின்றோம், எத்தனை சிறுவர், கடலா தரையா என்பவற்றை முன்னரே சொல்லிவிடல் வேண்டும்.

பஸ்ஸுக்குக் காப்புறுதி இருக்கின்றதே என்பர் சிலர். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது மெய்யே. அது வாகனத்தால் நேர்வதற்கு உரியது. பஸ்ஸை விட்டிறங்கிச் சுவரேறினார்க்கு உரியதன்று. வேறு சிலர், "வருவது என் பொறுப்பு" என்று ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கி மனநிறைவு கொள்வர். இங்கிலாந்தில் 1977இலும், அவ்வழியில் இலங்கையில் 1997இலும், நியாயமற்ற ஒப்பந்த வாசகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கவலையீனத்தால் வரும் மரணத்தையும் காயத்தையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துவிடலாம் என்னும் துணிவு வணிகருக்கே இல்லாது போயிற்று. அத்தாளினால் உள்ள பயன், ஆபத்தை முன்னரே அறிவித்தோம் என்று காட்டுவது.

அயலில் நிகழ்ந்த துயரமொன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், சென்னை ட்ரெக்கிங் கிளப் என்னும் கழகத்தின் ஏற்பாட்டில் வந்தோரும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தாருமாய்க் கொழுக்குமலையிலிருந்து இறங்கியோர் காட்டுத்தீயில் அகப்பட்டனர். 23 உயிர்கள் போயின. தமிழக அரசு விசாரணை நடத்தி, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அவ்வாண்டிலேயே விதிகள் வகுத்தது. அன்று உடனே எழுந்த கேள்வி, அவ்வழியே செல்ல அனுமதி இருந்ததா என்பது. அனுமதியின்றிப் புகுந்த இடத்தில் நேர்ந்ததற்குக் காப்புறுதியாளர் கையை விரிக்கக்கூடும் என்பதைச் சங்கங்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

காப்புறுதி எட்டாத எல்லையும் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச் 22இல் சிறுதோணி ஓட்டச் சென்ற பாடசாலை மாணவர் நால்வர் மாண்டனர். அவர்களை அழைத்துச் சென்ற நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவர் சிறை சென்றார். நட்டஈட்டை வேறொருவர் கொடுக்கலாம். சிறைவாசத்தை வேறொருவர் அனுபவிக்க இயலாது.

இவ்வாண்டு எமது சங்கம் மீண்டும் தீவகம் போக எண்ணியது. காப்புறுதி முகவரிடம், அங்கத்தவர் மூன்றாந்தரப்பினரா, படகு சேர்ந்ததா என்னும் இரண்டு கேள்விகளையும் எழுத்திற் கேட்டோம். முதலாவதற்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு மேலதிகக் கட்டுப்பணத்துடன் ஆம் என்றும் விடை வந்தது. அவ்விடையைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கின்றோம். கோட்டைச் சுவரில் எவரும் ஏறலாகாது என்னும் தீர்மானமும் அதே பக்கத்தில் இருக்கின்றது.