நீராவிக்கு இரண்டாம் முறை நெருப்பு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நீராவியின் ஆற்றலை அறியாதார் யார்? இட்லிக் கொப்பரையின் மூடியை எழுப்புவதும் அதுவே. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றுவதும் அதுவே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். மானகிரியில் எங்கள் வீட்டு விளக்கு எரிவதற்கும், வகுப்பில் நான் படிக்கும் வெப்ப இயக்கவியலுக்கும் உள்ள உறவை அறிந்தபோது வியப்புற்றேன். அதில் ஒரு பகுதியை மட்டும் இங்கு விளக்க முற்படுகிறேன்.

தூத்துக்குடியில் 1979 முதல் 1992 வரை, 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் நிறுவப்பட்டன. இவ்வகை அலகில் ஏறத்தாழ 535 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் வரும் நீராவி, முதலில் உயர் அழுத்த டர்பைனைச் சுழற்றுகிறது. வெளிவரும்போது அதன் வெப்பநிலை சுமார் 340 பாகையாகக் குறைந்துவிடுகிறது. அதை அப்படியே அடுத்த டர்பைன்களுக்கு அனுப்பினால் என்ன? விரிய விரிய நீராவி குளிர்ந்து, நீர்த்துளிகள் மிகுதியாகத் தோன்றும். கொப்பரை மூடியில் அரும்பும் துளிகளைப் போன்றவைதாம் அவை. ஆனால் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் இறக்கைகளில் அவை மோதினால் எஃகும் அரிக்கப்படும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா?

எனவே அந்த நீராவியை மீண்டும் கொதிகலனுக்கு அனுப்பி, மீள்சூடேற்றி என்னும் குழாய்த் தொகுதியில் 535 பாகைக்குச் சூடாக்குகிறார்கள். இறக்கைகள் தப்புகின்றன, நூற்றுக்கு நான்கைந்து பங்கு எரிபொருளும் மிச்சமாகிறது.

எனினும் மீள்சூடேற்றி இருந்தால் மட்டும் போதாது. அதைச் செவ்வனே இயக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் ஈரம் மிகும். மிகுந்தால் குழாய்கள் நாளடைவில் தளர்ந்து வெடிக்கும். மிகும் வெப்பத்தைத் தணிக்க உடனடி வழி, நீராவியில் நீரைத் தெளிப்பது. எளிய வழிதான், ஆனால் நட்ட வழி. தெளித்த நீர் ஆவியாகி நடு அழுத்த, தாழ் அழுத்த டர்பைன்களில் மட்டுமே உழைக்கிறது. உயர் அழுத்த டர்பைனில் அது உழைப்பதே இல்லை. ஆகவே அதற்குச் செலவான நிலக்கரிக்கு முழுப் பயன் கிட்டுவதில்லை.

பால் பொங்கும்போது தண்ணீர் தெளிப்பவரைவிட, அடுப்பிலிருந்து விறகை இழுப்பவரே சிக்கனக்காரர். கொதிகலனிலும் அப்படியே. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. அது உலையின் சுவர்க் குழாய்களில் படிந்தால், அங்கு சேர வேண்டிய வெப்பம் புகையோடு சென்று மீள்சூடேற்றியை மிகையாகச் சுடுகிறது. மீள்சூடேற்றியின் மேலேயே படிந்தாலோ, நீராவி போதிய சூடு பெறுவதில்லை. படிந்த இடம் அறிந்து, அங்கு நீராவியைப் பீய்ச்சிச் சாம்பலை அகற்ற வேண்டும். அடுத்து, உலையின் மூலைகளிலுள்ள எரிமுனைகளைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் நெருப்பு தாழ்ந்து வெப்பம் குறையும். மேல்நோக்கிச் சாய்த்தால் கூடும். இவ்விரண்டும் முதலில், நீர் தெளிப்பது கடைசியில்.

2024-இல் வடசென்னையில் தொடங்கப்பட்ட 800 மெகாவாட் அலகிலும் மீள்சூடேற்றம் உண்டு. காற்றாலைகளும் சூரிய மின்சாரமும் பெருகிவரும் இந்நாளிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அது தோண்டத் தோண்டக் குறைவது. எரிக்க எரிக்கக் காற்றை மாசுபடுத்துவது. ஆகவே எரிக்கும் ஒவ்வொரு பிடிக்கும் முழு வேலை வாங்குவதே அறிவுடைமை. அதற்கான வழியை நம் அன்னையரின் விறகடுப்பே காட்டுகிறது எனலாம்.