பாடு வரிசையும் கணினித் தமிழும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. முகத்துவாரத்தை அடுத்த மீன்வளமிக்க நீர்ப்பகுதிகளில் யார், எந்நாளில் வலையிடுவது என்பதைத் தலைக்கட்டுகளின் முறைப்படி ஊரார் கூடி வகுப்பர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்கள் இம்முறைக்கு உரியன. வரிசையில் ஒரு பெயர் பிறழுமாயின் ஒரு குடும்பத்தின் இறால் வருவாயும் பிறழும். ஆதலின் அவ்வரிசையைக் குறித்து வைக்கும் ஏடு அவ்வூரார்க்கு ஆவணமேயாகும்.

சில ஆண்டுகட்கு முன், அக்கரையூர் ஒன்றினின்று நம் துறையில் பயில வந்த மாணவர் தம் ஊர்ப் பட்டியலைக் குறுவட்டில் கொணர்ந்தார். முன்னர் ஓர் அச்சகத்தில் தட்டெழுதப்பெற்றது அது. "ஐயா, வீட்டிற்குப் புதுக் கணினி வாங்கியுள்ளோம். திறந்து பார்த்தால் ஒரு பெயர்கூடத் தமிழில் இல்லை. எந்த மென்பொருள் வாங்கினால் சரியாகும்?" என்றார். திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவிந்து கிடந்தன.

மென்பொருளை மாற்றுவதால் மட்டும் இக்குறை தீராது என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதில்லை. அதற்குரிய எண்ணையே சேமிக்கின்றது. பழைய எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்களே. தமிழின் 247 எழுத்துகளும் கிரந்த எழுத்துகளும் முழுமையாக அவற்றில் அடங்கா. எனவே கொம்பு, கால், விசிறி என எழுத்தைத் துண்டுகளாக்கி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கிலமே தோன்றும். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்துகளில் வரைந்த அரபுத்தமிழ் ஏட்டை நினைவிற் கொள்க. மொழி தமிழேயாயினும், அவ்வெழுத்தின் வழக்கு அறியாதார்க்கு அது வெறுங் கோடுகளே. கணினியின் நிலையும் அதுவே.

இக்குழப்பத்தை நீக்கவே 1999 இல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூடிற்று. அவ்வாண்டில் தமிழக அரசு தாம், தாப் ஆகிய குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஆயினும் உலகளாவிய ஒருங்குறியே இறுதியில் நிலைபெற்றது. இதில் தமிழுக்கெனத் தனி இடம் 1991 முதலே உண்டு. தமிழக அரசும் 2010 இல் இதனை ஏற்றது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம்கூடத் தன் மின்னூல்களைப் பழைய குறியேற்றத்தினின்று ஒருங்குறிக்கு மாற்ற நேர்ந்தது. நூலகத்திற்கே அந்நிலை எனின் ஒரு குப்பத்தின் பட்டியல் எம்மாத்திரம்?

ஆகவே, வீட்டுக் கணினிக்குச் சொற்செயலி தேர்வோர் முதலில் கேட்க வேண்டியது, "ஒருங்குறியில் தட்டெழுதுகின்றோமா?" என்பதே. அதன்பின் எதனையும் கொள்ளலாம். மைக்ரோசாப்ட் வேர்ட் வசதிகள் மிக்கது, விலையும் உண்டு. கூகுள் டாக்ஸ் விலையற்றது. எனினும் இணையத்தையே பெரிதும் சார்ந்தது. புயல் வீசினால் இணைப்பறும் கரையூருக்கு அதனை மட்டும் நம்பச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2010 இல் ஓப்பன் ஆபிசிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ் விலையின்றிக் கிடைப்பது, இணையமின்றி இயங்குவது, அதன் கோப்பு வடிவம் யாவர்க்கும் திறந்த தரம். நம் பரிந்துரை அதுவே. ஒன்றை மட்டும் கவனிக்க: தமிழ், அரபு முதலியவற்றின் எழுத்துரு அமைப்பு அதில் ஆங்கிலத்தினின்று வேறாக உள்ளது. அதனையறியாது ஆங்கில எழுத்துருவை மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லையே என வருந்துவோர் பலர். நிக்காஹ் பதிவேட்டில் அரபுத் தொடர் இடுவோர், அப்பத்தியை வலமிருந்து இடமாக அமைத்துக்கொள்ளுதலும் வேண்டும்.

விசைப்பலகையில் தமிழ்99 எளிது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் தமிழ் முழுதும் அடங்கும். மெய்யையடுத்து உயிரை அழுத்த உயிர்மெய் தோன்றும்.

மாணவரின் பட்டியலுக்கு வருவோம். எழுத்துரு இன்னதெனக் கண்டபின், குறிமாற்றி ஒன்றின் துணையால் அதனை ஒருங்குறியாக்கினோம். பழைய முறையில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என முத்துண்டாகும். அக்காலுக்குப் பதிலாக, தோற்ற ஒப்புமையால், ரகரத்தை இட்டோரும் உண்டு. தாளில் வேறுபாடு தெரியாது. மாற்றும்போது 'கெர' என வரும். அவ்வாறு ஏழு பெயர்கள் சிதைந்திருந்தன. மாணவரின் பாட்டனார் பழைய நோட்டைப் பிரித்துப் பெயர்களை உரக்கப் படிக்க, நாம் திரையில் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். முடிவில் அச்சிட்ட படியொன்றை அந்நோட்டினுள்ளேயே மடித்து வைத்துக்கொண்டார்.