அரசு வைத்த அடகு!

குட்டீஸ்... திண்டுக்கல் கடைவீதியில் பூட்டுக் கடைகளோடு அடகுக் கடைகளையும் பார்த்திருப்பீர்கள். விதை வாங்க, பள்ளிக் கட்டணம் கட்ட என்று அம்மாவின் வளையல் அங்கே போவதுண்டு. நம் நாடே ஒருமுறை தங்கத்தை அடகு வைத்தது தெரியுமா?

1980களில் மத்திய அரசு வரவை மீறிச் செலவு செய்து, கடன் வாங்கிச் சமாளித்தது. 1990ல் ஈராக், குவைத்தைப் பிடித்ததும் பெட்ரோலிய விலை எகிறியது. 1991ல், இரண்டு, மூன்று வார இறக்குமதிக்குத்தான் கையில் டாலர் இருந்தது. டாலரை நாம் அச்சடிக்க முடியாதே! ஜூலையில், ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் விமானம் ஏறி லண்டன் போனது. பவுன் கணக்கில், 58 லட்சத்துக்கும் மேல்... அம்மாடி! நல்லவேளை, அந்த ஆண்டே கடனை அடைத்து மீட்டுவிட்டார்கள்.

2003ல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. நாட்டின் ஓராண்டு உற்பத்தி 100 ரூபாய் என்றால், அரசின் பற்றாக்குறை 3 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பது இலக்கு. கொரோனா வந்த 2020ல் அதை வெகுவாகத் தாண்டவேண்டியதாயிற்று. கடன் வாங்குவதே தப்பில்லை. திண்டுக்கல் வழியே ஓடும் ரயிலுக்குப் பாதை போட்டால், நீங்கள் பெரியவர்களான பிறகும் பயன்படும். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே பணம் கரைந்தால்தான் சிக்கல். 2025-26 பட்ஜெட்டில், மத்திய அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு வட்டிக்கே ஒதுக்கப்பட்டது.