10 பவுனும் நாலு குழந்தைகளும்

"சொந்தமாக ஒரு கடை வைத்தால் என்ன?"

இந்த எண்ணம் ஒரு தடவையாவது தோன்றாத குடும்பத் தலைவி நம்மில் உண்டா? கைவேலையில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பூ வேலை செய்த தலையணை உறையைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு மாமி, "இதை ஒரு கடையில் வைத்துப் பாரேன், கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அன்று ராத்திரி தூக்கம் போச்சு! படுத்தபடியே கடை திறந்து, பெயர்ப் பலகை மாட்டி, வாசலில் கார்கள் வரிசையாக வந்து நிற்கிற வரையில் போய்விடுகிறோம். விடியற்காலையில் பால் வாங்கக் கதவைத் திறக்கிறபோது அந்தக் கடையை மூடிவிடுகிறோம்.

மூடுவதற்குப் பணம் மாத்திரமா காரணம்? குழந்தைக்கு ஜுரம் வந்தால் கடையை யார் பார்ப்பது? சரக்குக்கும் மாதிரிக்கும் ஊர் ஊராய் அலைய வேண்டி வந்தால் வீட்டை யார் பார்ப்பது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் எத்தனை கெட்டிக்காரிகளின் கடைகள் தலையணையோடு நின்றுவிட்டன!

இந்தக் கேள்விகளோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஓர் அம்மாளின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சீமைக் கதைதான். ஆனால் அடுப்பும் தொட்டிலும் எந்தத் தேசத்தில் இல்லை?

லாரா ஆஷ்லி என்ற பெயரைத் துணிக் கடையிலோ, பத்திரிகைப் படங்களிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். சின்னச் சின்னப் பூக்கள் அச்சடித்த துணி, கழுத்துவரை மூடிய நீள அங்கி, சுவரில் ஒட்டும் பூக் காகிதம், அதே பூக்களில் திரைச்சீலை, படுக்கை விரிப்பு என்று 1970-களிலும் 80-களிலும் உலகத்தின் பல மூலைகளில் அந்தப் பெயர் கொடிகட்டிப் பறந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் 1925-ல் வேல்ஸ் நாட்டின் டௌலைஸ் என்ற ஊரில், பாட்டி வீட்டில் பிறந்தவர். யுத்த காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தார். 1949-ல் பெர்னார்ட் ஆஷ்லி என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த நாட்களில் லண்டனில், மாதர் சங்கங்களின் தலைமை நிலையத்தில் காரியதரிசி உத்தியோகம். சித்திரக் கலாசாலையின் வாசற்படியைக்கூட மிதித்தவர் அல்ல.

அந்த மாதர் சங்கத்தார் விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்தில் பழைய கைவேலைகளை வைத்து ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். அதில் ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வைகள் இருந்தன. பார்த்த லாராவுக்கு நாமும் ஒன்று தைத்தால் என்ன என்று ஆசை. அதற்கு வேண்டியது அந்தக் காலத்துச் சின்னப் பூப் போட்ட துணி. கடை கடையாகத் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காததை நாமே அச்சடித்துவிட்டால்? அவருடைய வியாபாரம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்ததுதான்.

இங்கே ஒரு கிளைக் கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தச் சின்னப் பூக்களின் கொள்ளுப்பாட்டி யார் தெரியுமா? நம்முடைய சோழமண்டலக் கரைதான்! நம் பாட்டிமார் சீட்டிப் பாவாடை என்று சொல்வார்களே, அந்தச் சீட்டித் துணி 17-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போய் ஆங்கிலச் சீமாட்டிகளைக் கிறுக்குப் பிடிக்க அடித்தது. அந்த ஊர் நெசவாளர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் 1721-ல் பார்லிமெண்டே சட்டம் போட்டு, அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தக் கூடாது என்று தடுத்தது. 1774-ல்தான் அந்தத் தடை நீங்கியது. நம் பூக்களைப் பார்த்துப் போட்டு அவர்கள் பழகிய பூக்களைத்தான், அதற்கு வெகு காலம் பின்னால் லாரா தேடி அலைந்தார். சரி, கதைக்குத் திரும்புவோம்.

ஆஷ்லி தம்பதியின் முதலீடு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 10 பவுன்! நகைக் கடைப் பவுன் அல்ல, இங்கிலீஷ் நாணயப் பவுன். சட்டம் அடிக்கக் கொஞ்சம் மரம், சாயம், சில கஜம் லினன் துணி, அவ்வளவுதான். ஜாகை பிம்லிகோ என்ற பேட்டையில் ஒரு மாடி அறை. தொழிற்சாலை சமையலறை மேஜை.

வேலை இப்படி: மரச் சட்டத்தில் மெல்லிய பட்டை முரசுத் தோல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். பூ விழக்கூடாத இடங்களை அடைத்துவிட வேண்டும். சட்டத்தைத் துணியின்மேல் வைத்துச் சாயத்தை ஊற்றி, ரப்பர்ப் பட்டை ஒன்றால் ஒரே சீராக இழுத்தால், அடைக்காத இடத்தின் வழியாகச் சாயம் இறங்கித் துணியில் பூ மலரும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். மயிரிழை பிசகினாலும் இலை ஓரிடம், காம்பு ஓரிடம்! லாரா பூவையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்தார். பெர்னார்ட் சட்டமும் யந்திரமும் செய்தார். கடைசிவரையில் இந்தப் பாகப் பிரிவினை மாறவே இல்லை.

முதலில் அவர்கள் விற்ற சாமான்களைக் கவனியுங்கள். மேஜைக் குட்டி விரிப்பு, கை துடைக்கும் துணி, பாத்திரம் துடைக்கும் துண்டு. எல்லாம் சதுரம் அல்லது நீள்சதுரம். ஓரம் அடித்தால் சரக்குத் தயார். அளவு எடுக்க வேண்டாம், "தோளில் இறுக்குகிறது" என்று யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே செய்யக்கூடிய தொழில் வேண்டும் என்று தேடும் சகோதரிகள் இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

பிரயாணம் வியாபாரத்துக்குக் கைகொடுத்த கதையும் அப்போதே ஆரம்பித்துவிட்டது. தம்பதி இருவரும் விடுமுறைக்கு இத்தாலிக்குப் போனார்கள். அங்கே பெண்கள் தலையில் சதுரத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே சமயத்தில் 1953-ல் 'ரோமன் ஹாலிடே' படம் வந்தது. ஆட்ரி ஹெப்பர்ன் கழுத்தில் கைக்குட்டை கட்டி நடித்ததும் இளம் பெண்களுக்கு அதே பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆஷ்லி வீட்டு மேஜையில் கைக்குட்டைகள் அச்சாகத் தொடங்கின. ஜான் லூயிஸ் போன்ற பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. பெர்னார்ட் ஆபீஸ் உத்தியோகத்துக்கு முழுக்குப் போட்டார்.

கம்பெனிக்கு முதலில் வைத்த பெயர் ஆஷ்லி மௌன்ட்னி. மௌன்ட்னி என்பது லாராவின் பிறந்த வீட்டுப் பெயர். இந்த மாதிரிச் சாமான்களுக்குப் பெண் பெயர்தான் எடுக்கும் என்று பெர்னார்ட் அதை லாரா ஆஷ்லி என்று மாற்றினார். பலகையில் மனைவியின் பெயரைப் போட்டுவிட்டால் வீட்டு வேலையில் தம் பங்கு தீர்ந்தது என்று நினைக்கிற கணவன்மாரை நானும் பார்த்திருக்கிறேன். பெர்னார்ட் அந்த ரகம் இல்லை. மை அப்பிய கையோடு யந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்.

1955-ல் ஜாகை கென்ட் மாவட்டத்துக்கு மாறியது. 1958-ல் பக்கத்து டாரன்ட் ஆறு கரை புரண்டது. மூன்றடித் தண்ணீரில் யந்திரமும் சாயமும் துணியும் மிதந்தன. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த மாதிரி ஒரு காலைப் பொழுதைப் பார்த்த பிறகு, "போதும் அப்பா, மாதச் சம்பளமே மேல்" என்று சொல்லத் தோன்றாதா? அவர்கள் சொல்லவில்லை. ஒரு காலத்தில் 2,000 பவுனாக இருந்த வருஷ விற்பனை 1960-ல் 8,000 பவுன் ஆயிற்று.

அதே 1960-ல் மூன்று குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு லாராவின் சொந்த நாடான வேல்ஸுக்கே போய்விட்டார்கள். அங்கே மஹன்லெத் என்று ஓர் ஊர். (வேல்ஸ் ஊர்ப் பெயர்களைச் சரியாக உச்சரிக்க நாக்கைத் தனியாகப் பழக்க வேண்டும்!) 1961-ல் அந்த ஊர்க் கடைத்தெருவில், லாராவின் பெயரில் முதல் கடை திறந்தது. கீழே கடை, மேலே குடித்தனம். தங்கள் துணிகளோடு, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த தேனும் கைத்தடியும்கூட விற்றார்கள். உள்ளூர்த் தையற்காரப் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு, தோட்ட வேலைக்குப் போட்டுக்கொள்ளும் தொளதொள அங்கிகளைத் தைக்க ஆரம்பித்ததும் இங்கேதான்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே பொறாமைப்பட வேண்டிய கட்டம் இந்த மஹன்லெத் கடைதான் என்பேன். மாடியில் குழந்தை அழுதால் கல்லாவில் இருப்பவர் காதில் விழும். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதில்லை, படி ஏறினால் போதும். நம் ஊரிலும் முன்புறம் கடை, பின்புறம் வீடு என்று வைத்துக்கொண்ட செட்டியார்களும், அப்பளக் கடை மாமிகளும் அசடுகள் அல்ல என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஆனால் நன்றாக விற்கிற சரக்கு கடையைச் சின்னதாக இருக்க விடுமா? கார்னோ என்ற கிராமத்தில் தொழிற்சாலை வைத்தார்கள். 1967-ல் அது அங்கே மூடிக் கிடந்த ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிற்று. பெர்னார்ட் கண்டுபிடித்த முறையில் வாரத்துக்கு 5,000 மீட்டர் துணி அச்சாயிற்று. 1968-ல் லண்டன் பெல்ஹாம் தெருவில் கடை. பிறகு அங்கே புல்ஹாம் ரோடில் இன்னொன்று. அந்த ஒரு கடையில் ஒரே வாரத்தில் 4,000 உடைகள் விற்றதாகச் சொல்வார்கள். நாலாவது குழந்தையும் பிறந்திருந்தது. 1974-ல் பாரிஸ், அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ. மேலும் ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான்.

மஹன்லெத்தில் படி ஏறினால் வீடு. இப்போதோ கடையையும் குடும்பத்தையும் இணைப்பது ஆகாய விமானம்! பெர்னார்டே விமானம் ஓட்டுவார். 1970-களின் கடைசியில் வரிச் சுமைக்குப் பயந்து இங்கிலாந்தை விட்டே கிளம்பினார்கள். வட பிரான்ஸில் பழைய பிரபு மாளிகை ஒன்று, பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு வீடு, வேல்ஸில் விட்டுவிட்டு வந்த வீடு ஒன்று. துணி மாதிரிகளும் பெட்டிகளும் குடும்பமும் இவற்றுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தன.

இதில் உள்ள வேடிக்கையை, அல்லது வேதனையைப் பாருங்கள். லாரா விற்றது துணியா? இல்லை, வீடு! தோட்டத்தில் ரோஜா, ஜன்னலில் பூத்திரை, வீட்டை விட்டு நகராத அம்மா என்ற ஒரு கனவைத்தான் கஜம் போட்டு விற்றார். குடும்பமும் பழைய கால ஒழுக்கமுமே பெரிது என்று உண்மையாகவே நம்பியவர் அவர். அந்தக் கனவை உலகமெல்லாம் வாங்கியதே, அதனாலேதான் அவர் ஒரு வீட்டில் நிலையாக இருக்க முடியாமல் போயிற்று. கடைக்காக வீட்டை மாற்றினார்களே தவிர, வீட்டுக்காகக் கடையை மாற்றியது, என் கணக்கில், வேல்ஸுக்குப் போன அந்த ஒரு தடவைதான்.

பிள்ளைகளை அவர் அடியோடு இழந்தார் என்று நான் சொல்லவில்லை. நால்வருமே வளர்ந்து, ஆளுக்கொரு விதத்தில் அந்த வியாபாரத்திலேயே கை வைத்தார்கள். கடைக்குப் போன அம்மாவைப் பார்க்கக் கடைக்கே வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இது வரமா, வேறு வழியில்லாத ஏற்பாடா? நாலு பிள்ளை பெற்றவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இந்த அம்மாளுக்கு இங்கிலாந்து அரசாங்கம் ஓ.பி.இ. விருது தர முன்வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம், கணவருக்கும் அந்த மரியாதை தரப்படவில்லை என்ற மனக்குறை. 'அசட்டுத்தனம்' என்று சிலர் நினைக்கலாம். சட்டத்தின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையைத் தான் பிடித்த சமையலறை மேஜை லாராவுக்கு மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1985 செப்டம்பர் 7-ஆம் தேதி அவருக்கு 60 வயது நிறைந்தது. இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். அங்கே மாடிப்படியிலிருந்து விழுந்து, பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அப்போது உலகெங்கும் 200-க்கு மேல் கடைகள். இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியின் பங்குகள் பொதுஜனங்களுக்கு விற்பனைக்கு வந்தபோது, இருந்ததைப்போல் 34 மடங்குக்கு மனுப் போட்டார்கள். பெர்னார்டுக்கு 1987-ல் ஸர் பட்டம் கிடைத்தது. அவர் 2009-ல் காலமானார். கம்பெனி பல கைகள் மாறி, 2020-ல் நொடித்துப்போய் இங்கிலாந்திலிருந்த கடைகளை மூடிற்று. பெயரும் பூக்களும் மாத்திரம் பிறர் கடைகளில் இன்னும் விலை போகின்றன.

பிம்லிகோ மாடி, கென்ட், மஹன்லெத், பிரெஞ்சு மாளிகை, பிரஸ்ஸல்ஸ் என்று ஜாகை மாறிக்கொண்டே இருந்த லாராவைக் கார்னோ கிராமத்து மாதாகோயில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய துணிகள் அச்சான ரயில்வே ஸ்டேஷன் அதே ஊரில்தான் இருந்தது.