எலும்பு கூட வைக்கும் மருந்து: கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்

மலேசியாவின் செராஸில் மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவர்களின் குடும்பத்தார் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ‘எலும்பு சீக்கிரம் கூட ஒரு மருந்து வைக்கிறோம்’ என்றதும், நீட்டிய பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பில் வந்த பிறகுதான் அது என்ன மருந்து என்ற கேள்வியே எழுகிறது.

அப்படி வைக்கப்படுவதில் ஒன்று பிஎம்பி-2 என்ற புரதம். எலும்பை வளரத் தூண்டும் இந்தச் சக்தியை 1965-இல் கண்டு சொன்னவர் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். இன்று அதை ஆய்வகத்தில் தயாரித்து, கொலாஜன் பஞ்சில் ஊறவைத்துப் பொருத்துகிறார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2002-இல் இடுப்பு முதுகெலும்புக்கும், 2004-இல் தோல் கிழிந்த கணைக்கால் எலும்பு முறிவுக்கும் இதை அனுமதித்தது. கழுத்துக்கு அனுமதிக்கவில்லை. கழுத்தில் வைத்தவர்களுக்குத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறியதால் 2008-இல் அதே நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. பெரும்பாலும் 2 முதல் 14 நாள்களுக்குள் வீக்கம் வந்தது. அதாவது, நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் வரலாம்.

கழுத்து அறுவை என்றால் இரண்டு முறை கேட்க வேண்டும். கர்ப்பம், புற்றுநோய், இன்னும் வளரும் வயது ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

மருந்தின் பெயர், பதிவு எண், எந்த எலும்புக்கு அனுமதி, உத்தேச விலை ஆகிய நான்கையும் அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். அறுவை முடிந்ததும் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரின் நகலை வாங்க வேண்டும். விரல் அகலம்கூட இல்லாத அந்தத் தாளில்தான் தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் லாட் எண் இருக்கிறது. அதை மருந்துப் பையோடு சேர்த்துக் குப்பையில் போடாமல், போனில் படம் எடுத்து வைக்க வேண்டும்.

புகாரென்றால் கவுண்டரில் சத்தம் போட்டுப் பயனில்லை. அங்கே ‘நாளைக்கு வாங்க’ என்று அலைய விடுவார்கள். தனியார் மருத்துவமனைகள் நோயாளி குறைகளைக் கேட்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். குறைகேள் அதிகாரிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் புத்ராஜெயாவில் உள்ள சுகாதார அமைச்சுக்கும், மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கும் எழுத வேண்டும்.

வழக்கென்றால் காலக்கெடு உண்டு: அரசு மருத்துவமனைமீது 36 மாதம், தனியார்மீது பொதுவாக 6 ஆண்டு. அதற்காக மருத்துவமனையிடம் மருத்துவ அறிக்கை கேட்கும் கடிதத்தின் நகலில், பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.