சொல்லை மாற்றினால் படம் மாறும்



படம் வரையத் தெரியாதவரும் இன்று கைப்பேசியில் நான்கு சொற்களை எழுதிப் படம் பெறலாம். "காலை நேரத்தில் ரப்பர் மரம் சீவும் பெண்" என்று எழுதினால் சில விநாடிகளில் படம் திரையில் வந்து நிற்கிறது. இப்படி நாம் எழுதிக் கொடுப்பதைக் கட்டளை வாக்கியம் என்று அழைப்போம். அதைப் படித்துப் படம் ஆக்குவது செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி நுட்பம். படம் கிடைப்பது எளிது. கிடைத்த படத்தை நம் விருப்பப்படி திருத்துவதுதான் கடினம். அந்தத் திருத்தம் எப்படி நடைபெறுகிறது, அதில் எங்கே நாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை இன்று காண்போம்.

தொலைக்காட்சியில் நிலையம் கிடைக்காதபோது திரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் துள்ளுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இத்தகைய கருவிகளில் பல, அப்படிப்பட்ட புள்ளிக் குவியலிலிருந்துதான் வேலையைத் தொடங்குகின்றன. பிறகு படிப்படியாகப் புள்ளிகளை நீக்கி, நம் வாக்கியத்துக்குப் பொருந்தும் உருவத்தை வெளியே கொண்டுவருகின்றன. விடியற்காலையில் பனி விலக விலக மரங்கள் தெரிவது போன்றது இது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பனிக்குப் பின்னால் மரம் முன்பே நிற்கிறது. இங்கே பின்னால் எதுவும் இல்லை, எல்லாம் ஊகம்.

அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது? விளக்கக் குறிப்புடன் கூடிய எண்ணற்ற படங்களைப் பார்த்துக் கற்றதிலிருந்து வருகிறது. 2022 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட ஸ்டேபிள் டிஃபியூஷன் என்னும் கருவி, லாயன்-5பி என்ற தொகுப்பிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு பயிற்சி பெற்றது. அத்தொகுப்பில் சுமார் 585 கோடி படங்களும் அவற்றின் குறிப்புகளும் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 230 கோடிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஒரு பொருளின் படம் எந்த அளவுக்குக் குறைவாக இருந்ததோ, அந்த அளவுக்கு அதைப் பற்றிய ஊகமும் தவறக்கூடும்.

நமக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மரம் சீவும்போது வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரிந்து வரும். மரப்பட்டைக்குள் பால் நாளங்கள் நேராக ஏறாமல் வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. எனவே இந்தச் சரிவில் வெட்டினால் அதிக நாளங்கள் திறந்து பால் கூடுதலாக வடியும். இயந்திரத்துக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாது. கோட்டை மறுபுறம் சாய்த்து வரைந்தாலும் அதற்குக் குறை தெரிவதில்லை. உளி பிடித்த கை அதை உடனே கண்டுபிடிக்கும். அப்போது "வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது, அதன் கீழ்முனையில் பால் வடியும் மங்கு கட்டியிருக்கிறது" என்று எழுத வேண்டும். தொழில் தெரிந்தவரின் சொல்லே படத்தைச் சரிசெய்கிறது.

இனி அடுத்த சிக்கல். அந்தப் பெண்ணின் கையில் ஒரு பால் வாளி வேண்டும் என்று வாக்கியத்தில் சேர்க்கிறோம். வாளி வருகிறது, ஆனால் பெண்ணின் முகமும் மாறிவிடுகிறது, பின்னால் நின்ற மரமும் இடம் பெயர்கிறது. ஏன்? வாக்கியம் மாறியதும் இயந்திரம் பழைய படத்தின்மேல் வாளியை ஒட்டவில்லை. எல்லாவற்றையும் புதிதாகவே வரைந்துவிட்டது. தொடக்கப் புள்ளிக் குவியலுக்கு ஓர் எண் உண்டு. அதை விதை எண் என்பர். அந்த எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டால் படம் ஓரளவு ஒத்திருக்கும், முழுமையாக அல்ல.

இதற்கு 2022இல் கூகள் ஆய்வாளர்களும் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினரும் ஒரு வழி கண்டார்கள். வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் படத்தின் எந்தெந்தப் பகுதியைப் பாதிக்கிறது என்பதை இயந்திரத்தின் உள்ளே கணக்கிட முடியும். முதல் படத்தின் அந்தக் கணக்கை எடுத்து, திருத்திய வாக்கியத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எலுமிச்சைக் கேக் என்பதைப் பூசணிக் கேக் என்று மாற்றியபோது, கேக்கின் அமைப்பு பெரும்பாலும் நிலைத்திருக்க, வகை மட்டும் மாறியது. வீதியில் கூட்டம் என்ற சொல்லின் வலிமையைக் குறைத்தபோது, அதே வீதியில் கூட்டம் குறைந்தது.

அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு படி முன்னேறினார்கள். முழு வாக்கியத்தையும் திரும்ப எழுதத் தேவையில்லை. "இதை இப்படி மாற்று" என்று ஏவினாலே போதும். அதற்காக முன்படம், ஏவல், பின்படம் என்று 4,50,000க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகளைக் கணினியைக் கொண்டே உண்டாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். இன்று கைப்பேசிக் கருவிகள் பலவற்றில் இவ்வாறு ஏவித் திருத்த முடிகிறது. ஆயினும் நாம் தொடச் சொல்லாத இடத்தையும் அவை சில வேளைகளில் தொட்டுவிடுகின்றன.

ஆகவே திருத்தும்போது மூன்றை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் சொல்லுங்கள். எந்தச் சொல் என்ன செய்தது என்பது அப்போதுதான் புரியும். இரண்டாவது, மாற வேண்டியதைச் சொல்வதோடு மாறக்கூடாததையும் சொல்லுங்கள்: "முகமும் உடையும் அப்படியே இருக்கட்டும், கையில் வாளி மட்டும் சேர்." மூன்றாவது, இல்லாததைச் சொல்வதைத் தவிருங்கள். "யானை இல்லாத காடு" என்று எழுதினால் சில கருவிகள் யானையையே வரைந்து வைக்கும். "மரங்கள் மட்டும் உள்ள காடு" என்பதே தெளிவு.

பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கோ திருவிழா அழைப்பிதழுக்கோ இது நல்ல துணை. ஆனால் வீட்டுப் புகைப்படத்துக்கு வரும்போது சற்று நில்லுங்கள். லயத்து வாசலில் தாத்தாவும் பாட்டியும் நிற்கும் பழைய படம், பூஞ்சை பிடித்துப் பாதி அழிந்திருக்கலாம். "தெளிவாக்கு" என்று இயந்திரத்திடம் கொடுத்தால் பளிச்சென்று ஒரு படம் தரும். அழிந்த கண்ணை அது எங்கிருந்து கொண்டுவந்தது? முன்பு சொன்ன அதே ஊகத்திலிருந்துதான். அந்தக் கண் பாட்டியினுடையது அல்ல. பார்த்துக் கற்ற பல முகங்களின் சாயல். பேரப்பிள்ளைகள் அதையே பாட்டியின் முகம் என்று நம்பி வளர்வார்கள். ஆகையால் மூலப்படத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதன் பிரதியை மட்டும் திருத்துங்கள். திருத்திய படத்தில் "கணினியில் திருத்தியது" என்று எழுதி வையுங்கள். முகம் அறிந்த பெரியவர் இருக்கும்போதே அவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே கலை ஏமாற்றுக்காரர் கையிலும் உண்டு. உங்கள் பிள்ளை மருத்துவமனையில் படுத்திருப்பது போல ஒரு படத்தை அனுப்பி, உடனே பணம் போடச் சொல்லலாம். படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பிள்ளையின் பழைய எண்ணுக்கு நீங்களே அழைத்துக் குரலைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் உடன் வேலை செய்பவரை அழையுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், மலேசியாவில் இருப்பவர்கள் தாமதமின்றி 997 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

நாம் சொல்லாமல் விட்டதை இயந்திரம் தானாக நிரப்பிக்கொள்கிறது. கற்பனைப் படத்தில் அதனால் கேடில்லை. சாட்சியாக நிற்கும் படத்தில் அதற்கு இடம் கொடுக்கலாகாது.