டவர் போனாலும் போகும் செய்தி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் காலைக் கணக்கில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, ரயில்களும் நின்றன. அப்படி ஒரு நாளில் கரண்ட் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்தால், பக்கத்துத் தெரு அக்காவுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் கூடப் போகாது. அது நேராகப் பக்கத்துத் தெருவுக்குப் போவதே இல்லை. எங்கேயோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது.

இதற்கு மாற்றாக 2020-இல் வந்தது மெஷ்டாஸ்டிக் என்னும் மென்பொருள். அது ஓடுவது உள்ளங்கை அளவுப் பெட்டியில், உள்ளே லோரா என்னும் நெடுந்தூர ரேடியோ. போனோடு புளூடூத்தில் சேரும். நாம் எழுதியதைப் பெட்டி காற்றில் விடும். காதில் விழுந்த அடுத்த பெட்டி அதையே திருப்பிச் சொல்லும். வழக்கமாக மூன்று தாவல் வரை. சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். 865–867 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் பேச நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று 433 மெகாஹெர்ட்ஸ் மாடலை எடுத்துவிடாதீர்கள், அது இந்த அலைவரிசையில் பேசாது.

முதலில் ஆன்டெனாவைத் திருகுங்கள், அப்புறம்தான் கரண்ட். மாற்றிச் செய்தால் ரேடியோவே கெட்டுப்போகலாம். ஆப்பில் இந்தியா என்று தேர்ந்தெடுக்கும்வரை பெட்டி வாய் திறக்காது. கூடவே வரும் பொதுச் சேனலின் சாவி ஊருக்கே தெரிந்தது. வீட்டுப் பேச்சுக்குத் தனிச் சேனல் போட்டு, கியூஆர் கோடை வேண்டியவர்களிடம் மட்டும் காட்டுங்கள்.

ஒரு செய்தியில் 200 பைட்டுக்குச் சற்று மேல்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘விழுப்புரம்’ என்றாலே 33 போச்சு! அநியாயம்தான். ‘நல்லா இருக்கோம், ஸ்கூல் மாடியில’ என்கிற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மற்றபடி எல்லாம் உயரம்தான். திண்டிவனம் பக்கத்துச் சமதரையில் ஜன்னலோரம் வைத்தால், சுவரும் மரமும் மறைத்து, சில தெருக்களுக்கு மேல் எட்டாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏற்றுங்கள். செஞ்சி ராஜகிரி மலையைப் பார்த்தால், உச்சியில் ஒன்றை வைக்க எனக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அது தொல்லியல் துறைக் கோட்டை, தொடக் கூடாது. சோலாரில் ஓட்டுவதென்றால் என்ஆர்எஃப்52 சிப் உள்ளதாக வாங்குங்கள். ஈஎஸ்பி32 அதைவிட அதிகம் கரண்ட் குடிக்கும். ஒன்றை மட்டும் வாங்கினால் பதில் சொல்ல ஆளிருக்காது. அக்கா வீட்டு மாடிக்கும் சேர்த்து வாங்கி, ஐப்பசி மழைக்கு முன்னாலேயே பேசிப் பாருங்கள்.